மூன்றாம் நாள் இரவைப் பற்றியும் பேசுங்கள்: மதுவா ஐஸா என்று விவாதிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். போதை விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசும் மருத்துவர்கள், காவல்துறை அதிகாரிகள், ஆசிரியர்கள், தொலைக்காட்சி விவாதங்களில் எதிரெதிரே உட்காருகிறவர்கள், சட்டத்துக்கு வரைவு எழுதுகிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் ஒரு போதை மீட்பு வார்டில் 14 வருடமாக வேலை பார்க்கும் செவிலியர். அதில் பாதிக்கும் மேல் இரவுப் பணி. மேடை ஏறிப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் பேசுவதைத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். நீங்கள் பேசிவிட்டுப் போன அடுத்த வாரமே எங்கள் வாசலில் வந்து நிற்கிற குடும்பங்கள், நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எங்களிடம் சொல்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களாக உங்கள் விவாதம் ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது. ஐஸ் என்று தெருவில் விற்கப்படும் மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள் கொடியதா, மது கொடியதா? "ஐஸ் ஒரு தடவை தொட்டால் போதும், ஆளையே தின்றுவிடும், அதோடு ஒப்பிட்டால் குடியெல்லாம் ஒன்றுமே இல்லை" என்கிறார் ஒருவர். "உலகத்தில் அதிகம் பேரைக் கொல்வது மதுதான், அதைச் சட்டப்படி விற்றுக்கொண்டே ஐஸைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள்" என்கிறார் எதிரில் இருப்பவர். கைதட்டல் இரண்டு பேருக்கும் கிடைக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. அதை ஒரு குடும்பத்தின் கதையாகத்தான் என்னால் சொல்ல முடியும். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் ஒருவர் தன் தம்பியைத் தோளில் அணைத்தபடி கூட்டிவந்தார். பின்னால் அம்மா. தம்பிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஐந்து நாளாகத் தூங்கவில்லை. இரண்டு முன்கைகளிலும் நகத்தால் கீறிக் கீறிப் புண். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்றான். நான் கட்டுப்போடப் போனபோது கையை இழுத்துக்கொண்டு, "மூடாதீங்க சிஸ்டர், அது வெளியே வரணும்" என்றான். மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்வதாகக் காதைப் பொத்திக்கொண்டான். ஐஸ் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு வரும் மனப்பிறழ்வு இப்படித்தான் இருக்கும். வார்டில் இருந்த எல்லாருடைய கண்ணும் அவன் மேல்தான். என் கண்ணும்தான்.

அம்மாவிடம் வீட்டில் வேறு யாருக்காவது பழக்கம் உண்டா என்று கேட்டேன். "பெரியவன் குடிப்பான் சிஸ்டர், தினமும்தான். அதெல்லாம் ஒண்ணுமில்ல, வேலைக்கு ஒழுங்காப் போயிடுவான். நீங்க சின்னவனைக் காப்பாத்திக் குடுங்க" என்றார். நான் சின்னவனுடைய படிவத்தில் "குடும்பத்தில் மதுப்பழக்கம்: உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அண்ணன் வராந்தா பெஞ்சிலேயே இருந்தார். தம்பியை விட்டு நகரமாட்டேன் என்றார். நல்ல அண்ணன். முந்தின நாள் இரவு குடித்ததுதான் கடைசி, தம்பி தேறும் வரை தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது. அன்று சாயந்திரமே அவருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. மறுநாள் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்தேன். களைப்பு, தூக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணி சுமாருக்கு வராந்தா பக்கம் போனபோது, அவர் பெஞ்சை விட்டு எழுந்து சுவரருகே நின்று எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பூச்சி" என்றார். "சுவர் பூரா பூச்சி, தம்பி மேல ஏறிடும்." சொல்லி முடிப்பதற்குள் வலிப்பு வந்து விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார். அது வராந்தாவில், எங்கள் கண் முன்னால் நடந்ததால் பிழைத்துக்கொண்டார். வீட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைப்பு வரும். அடுத்த நாள் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். தம்பி மருந்தில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தேறிவந்தது அவன்தான். உயிருக்கு ஆபத்தாக இருந்தது அண்ணனுக்கு. அம்மா இரண்டு கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவன் சும்மா குடிக்கத்தானே செஞ்சான்?"

அவர் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போய்வந்தவர். ஐஸ் எடுப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே சொல்லிக்கொடுத்ததால்தான் சின்னவனை அடையாளம் கண்டு கூட்டிவந்தார். அந்த அளவில் அந்தக் கூட்டத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதே கூட்டத்தில்தான் "ஐஸோடு ஒப்பிட்டால் குடியெல்லாம் ஒன்றுமே இல்லை" என்பதையும் கேட்டிருக்கிறார்.

சரி, அண்ணனுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது எந்த மேடையிலும் அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம்தான். மது மூளையின் பிரேக்கை அழுத்துகிற பொருள். தினமும் குடிக்கும்போது, அந்த அழுத்தத்தைச் சமாளித்து விழித்திருக்க மூளை தன் ஓட்டத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. குடியை ஒரே நாளில் நிறுத்தினால் பிரேக் போய்விடும், கூட்டி வைத்த ஓட்டம் மட்டும் மிஞ்சும். முதல் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு வரலாம், பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் தெரியும், காய்ச்சல் ஏறும், இதயம் தாறுமாறாக அடிக்கும். டெலீரியம் ட்ரீமன்ஸ் என்பது இதுதான். சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரைகூட இறந்திருக்கிறார்கள். இன்று மூளையை அமைதிப்படுத்தும் லோரஸிபாம், டயஸிபாம் போன்ற மருந்துகளும், தயமின் என்ற வைட்டமின் ஊசியும், பக்கத்தில் கண்காணிக்க ஒரு ஆளும் இருந்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் இறக்கிறார்கள். குடிக்கிற எல்லாருக்கும் இப்படி வராது. ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவர், முன்பு ஒரு தடவை விடும்போது வலிப்பு வந்தவர், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. அறையில் பூட்டி வைத்துக் குடியை மறக்கவைக்கப் பார்க்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஐஸை விடும்போது நடப்பது வேறு. ஐஸ் மூளையில் டோபமைன் என்ற, ஆசையையும் இன்பத்தையும் தூண்டும் வேதிப்பொருளை அளவுக்கு மீறி வெளியே கொட்டவைக்கும், கொட்டியதைத் திரும்ப உள்ளே போகவும் விடாது. அதன் பாதி உடம்பை விட்டுப் போகவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் நாள்கணக்கில் தூக்கமில்லாமல் அலைகிறார்கள். நிறுத்தியதும் ஆள் அப்படியே சரிந்துவிடுவார். இரண்டு நாள், மூன்று நாள் தூக்கம், அகோரப் பசி, அப்புறம் எதிலும் ருசியில்லாத ஒரு வெறுமை. பொதுவாக இந்த விடுதல் தன்னளவில் உயிரை எடுப்பதில்லை. அந்த வெறுமையில் வரும் தற்கொலை எண்ணம் எடுக்கலாம். "நாலு நாள் நல்லாத் தூங்கினான், சரியாயிட்டான்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்களிடம் நான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது இதைத்தான்: தூங்கி எழுந்த பிறகு வரும் வாரங்களில்தான் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒருவரை முதல் மூன்று நாள் கண் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருவரை அதற்குப் பிந்தைய மூன்று மாதம். எது கொடியது என்ற உங்கள் கேள்விக்குள் இந்த விவரத்துக்கு இடமே இல்லை.

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் விடை சொல்லிவிட்டார்கள் என்று இரண்டாவது கட்சியில் இருப்பவர்கள் அடிக்கடி ஒரு ஆய்வைக் காட்டுகிறீர்கள். 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் டேவிட் நட் குழுவினர் வெளியிட்டது. பிரிட்டனில் புழங்கும் 20 பொருட்களை 16 அளவுகோல்களில் வைத்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். மதுவுக்கு 72, ஹெராயினுக்கு 55, மெத்தாம்பெட்டமைனுக்கு 33. "பார்த்தீர்களா, மது இரண்டு மடங்கு கொடியது" என்று முடித்துவிடுகிறீர்கள். அந்தக் கட்டுரையை நான் ஒரு இரவுப் பணியில் மெதுவாகப் படித்தேன். மொத்த மதிப்பெண்ணுக்குக் கீழே இரண்டு பகுதிகள் இருக்கின்றன. எடுப்பவருக்கு வரும் கெடுதல், மற்றவர்களுக்கு வரும் கெடுதல். எடுப்பவருக்கு வரும் கெடுதலில் மெத்தாம்பெட்டமைனுக்கு 32. மதுவுக்கு 26 மட்டுமே. மற்றவர்களுக்கு வரும் கெடுதலில் மதுவுக்கு 46. மெத்தாம்பெட்டமைனுக்கு வெறும் 1. அதாவது உங்கள் இரண்டு கட்சிகளும் ஒரே அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டே ஜெயிக்கலாம்.

அந்த 1 எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஐஸ் எடுத்த மகனைப் பார்த்துப் பயந்து இரவு முழுக்கப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்த பெற்றோரைப் பார்த்தவள் நான். மற்றவர்களுக்கு ஒரே ஒரு மதிப்பெண் கெடுதல்தானா? 2019-ல் ஆஸ்திரேலியாவில் இதே முறையில் 22 பொருட்களுக்குப் போட்ட மதிப்பெண்ணைப் படித்தபோதுதான் விளங்கியது. அங்கேயும் மதுதான் முதலிடம், 77. ஆனால் கிரிஸ்டல் மெத்தாம்பெட்டமைனுக்கு, அதாவது ஐஸுக்கு, அங்கே 66. பிரிட்டனில் வாங்கியதைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. மற்றவர்களுக்கு வரும் கெடுதல் மட்டும் 24. வேதிப்பொருள் ஒன்றுதான். பிரிட்டனில் அன்று ஐஸ் புழக்கம் மிகக் குறைவு, ஆஸ்திரேலியாவில் அது குடும்பங்களுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. எத்தனை பேர் எடுக்கிறார்கள், எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது, சிக்கியவருக்கு என்ன உதவி இருக்கிறது, இதெல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் கலந்திருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறும் ஒரு மதிப்பெண்ணை அந்தப் பொருளின் பிறவிக் குணம் போல மேடையில் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் கேட்பது ஒன்றுதான்: "ஐஸ் மதுவில் பாதி அளவுக்குத்தான் ஆபத்து." எங்கள் வார்டில் ஒருவன் இந்தக் கணக்கை எனக்கே சொல்லிக்காட்டினான். படித்த பையன்.

மரண எண்ணிக்கையும் இப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மது காரணமாக இறந்தவர்கள் 26 லட்சம் பேர். அதில் 20 லட்சம் பேர் ஆண்கள். குடி சம்பந்தப்பட்ட சாலை விபத்துகளில் மட்டும் 2,98,000 உயிர்கள். அதில் 1,56,000 பேர் வேறு யாரோ குடித்ததற்காகச் செத்தவர்கள். இந்த எண்ணைச் சொல்லும்போது என் குரல் இன்றும் இறங்கிவிடும். ஆனால் உலகத்தில் குடிப்பவர்கள் சுமார் 230 கோடி. மெத்தாம்பெட்டமைன் உட்பட ஆம்பெட்டமைன் வகைகளை எடுப்பவர்கள் ஐ.நா. கணக்கில் சுமார் 3 கோடி. மொத்த மரணத்தை வைத்து, எடுக்கும் ஒரு ஆளுக்கு என்ன ஆபத்து என்று சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு வரும் ஆபத்தை வைத்து, ஊருக்கு எது பெரிய சுமை என்றும் சொல்ல முடியாது. குடியால் ஊருக்கு வந்த சுமை மிகப் பெரியது, ஐஸில் விழுந்த ஆளின் சரிவு மிக வேகமானது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாமே.

இன்னொன்று. மதுவா, ஐஸா என்று நீங்கள் கேட்பதைக் கேட்டால் ஒருவர் இதை எடுப்பார் அல்லது அதை எடுப்பார் என்று தோன்றும். எங்களிடம் வருகிறவர்களில் பலர் இரண்டையும் எடுத்தவர்கள். ஐஸ் எடுத்தவருக்குக் குடித்த மயக்கம் தெரியாது, கண் சொருகாது. அதனால் இன்னும் குடிப்பார், வண்டியும் ஓட்டுவார். இரண்டும் சேரும்போது இதயத்துக்கு வேலை கூடுகிறது. ஐஸ் மட்டுமே வருடக்கணக்கில் எடுத்தாலும் இதயத்தசை தளர்ந்து வீங்கிப்போகும், நாற்பது வயதுக்கு முன்பே மூளையில் இரத்தக்கசிவு வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2021-ல் மெத்தாம்பெட்டமைன் போன்ற ஊக்கிகள் சம்பந்தப்பட்ட மரணங்கள் 32,000-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதியில் ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலிமருந்தும் கலந்திருந்தது. கள்ளச் சந்தையில் வாங்கும் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, பல சமயம் விற்பவருக்கும் தெரியாது. மதுதான் பெரிய கொலைகாரன் என்று பேசுகிறவர்கள் இதை விழுங்கிவிடாதீர்கள்.

ஐஸைப் பற்றிப் பேசுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அழுகிய பல், ஒட்டிய கன்னம், புண் நிறைந்த முகம் கொண்ட படங்களைத் திரையில் காட்டுகிறீர்கள். பல் அப்படி ஆவது உண்மைதான். வாய் வறண்டுபோகும், பல்லை நறநறவென்று கடிப்பார்கள், இனிப்புப் பானமாகக் குடிப்பார்கள், துலக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த அம்மா, தன் மகனின் பல் நன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார். ஆரம்பத்தில் ஐஸ் எடுப்பவர் சுறுசுறுப்பாக, பேச்சுத் துடிப்பாக, பரீட்சைக்கு இரவெல்லாம் படிக்கிறவராகத்தான் தெரிவார். அந்தச் சமயத்தில் கண்டுபிடித்தால் எங்கள் வேலை எவ்வளவு சுலபம் தெரியுமா?

அப்புறம் அந்த "ஒரு தடவை தொட்டால் திரும்ப வழியே கிடையாது" என்ற வசனம். பயமுறுத்தித் தடுக்கலாம் என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஏற்கனவே தொட்டுவிட்டவனும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள். ஒரு வருடத்துக்கும் மேல் ஐஸை விட்டு விலகியிருந்தவர்களின் மூளையில், அடிபட்டிருந்த டோபமைன் கடத்திகள் (டோபமைனைத் திரும்ப உள்ளே எடுக்கும் புரதங்கள்) கணிசமாகத் திரும்பி வருவதை 2001-லேயே ஸ்கேன் படங்களில் காட்டிவிட்டார்கள். எல்லாமே பழையபடி ஆகிவிடாது, ஞாபகசக்தியில் குறை தங்கலாம். ஆனாலும் வழி இருக்கிறது. மனப்பிறழ்வும் பலருக்குச் சில நாட்களில், வாரங்களில் அடங்குகிறது. நான் சொன்ன அந்தத் தம்பி ஒன்பதாவது நாள் தன் கைக்கட்டைப் பார்த்து, "இது எப்படி ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்டான்.

ஒரு பழைய சம்பவம். 2005-ல் அமெரிக்காவில் மருத்துவர்கள், ஆய்வாளர்கள் 90 பேருக்கு மேல் சேர்ந்து ஊடகங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். கர்ப்பத்தில் மெத்தாம்பெட்டமைன் எடுத்த தாய்மாரின் குழந்தைகளை "மெத் பேபி" என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு நோய் அடையாளமே மருத்துவத்தில் இல்லை, அந்தப் பெயர் அந்தக் குழந்தைகளைக் காலத்துக்கும் துரத்தும் என்று கேட்டுக்கொண்டார்கள். கர்ப்பத்தில் ஐஸ் எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று அவர்கள் சொல்லவில்லை. அதே சமயம், கர்ப்பத்தில் மது குடித்தால் குழந்தையின் முக அமைப்பு, வளர்ச்சி, மூளை எல்லாமே பாதிக்கப்படும் என்பது 1973-லேயே லான்செட்டில் பெயர் சூட்டி எழுதப்பட்ட உண்மை. அந்தக் குழந்தைகளை எந்தத் தலைப்புச் செய்தியும் துரத்தவில்லை. ஒரு பொருளுக்கு அளவுக்கு மீறிப் பயம், இன்னொன்றுக்கு அளவுக்கு மீறிப் பழக்கம்.

இந்த இரண்டும் எங்கள் வாசலில் என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறேன். ஐஸ் எடுப்பவரின் குடும்பம் பயத்தினால் தாமதமாக வருகிறது. போலீஸ் வருமோ, வேலை போகுமோ, நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒரு வருடம், ஒன்றரை வருடம் வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருந்து, பிள்ளை கத்தியைத் தூக்கிய பிறகு கூட்டிவருகிறார்கள். குடிப்பவரின் குடும்பம் பயமே இல்லாததால் தாமதமாக வருகிறது. கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து, இரத்தம் வாந்தி எடுத்த பிறகு வருகிறார்கள். அதற்குள் கல்லீரல் கல்லாகியிருக்கும். மதுவை முதல் வகை, அதாவது புற்றுநோய் வரவைப்பது உறுதியான, காரணிகளின் பட்டியலில் 1988-லேயே சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னால், படித்தவர்களே என்னை நம்பாமல் பார்க்கிறார்கள்.

சட்ட வரைவு எழுதுகிறவர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். விவாதத்தில் ஜெயித்த பொருளுக்கே பணமும் போய்விடுகிறது. ஐஸ் பயம் உச்சத்தில் இருக்கும் வருடத்தில் குடிநோயாளிக்கான படுக்கை குறைகிறது. குடிதான் பெரிது என்று காற்று திரும்பினால் ஐஸ் எடுப்பவருக்கான திட்டம் கோப்பிலேயே தூங்குகிறது. இரண்டுக்கும் வேண்டிய சிகிச்சை வேறு வேறு. குடிக்கு மருந்து இருக்கிறது. டைசல்ஃபிராம் அமெரிக்காவில் 1951 முதலே அங்கீகாரம் பெற்றது, நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோஸேட் பின்னால் வந்தன. ஆசையைக் குறைக்கிற மருந்து இருப்பதே தெரியாமல் மன உறுதி மட்டும் போதும் என்று நம்பி, தோற்று, வெட்கப்பட்டு மறுபடி குடிப்பவர்கள் ஏராளம். ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. நால்ட்ரெக்ஸோன் ஊசியையும், மனச்சோர்வுக்குத் தரும் புப்ரோப்பியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன், வெற்று மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம். சின்னப் பலன்தான், அதற்கும் சந்தோஷப்பட்டோம்.

ஐஸுக்கு இன்றுவரை அதிகம் பலன் தருவது ஒரு எளிய முறை. சிறுநீர்ப் பரிசோதனையில் சுத்தம் என்று வந்தால் அன்றே ஒரு சின்னப் பரிசு. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் பரிசு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். எதிலும் ருசியில்லாமல் போன மூளைக்கு உடனடியாக, கையில் தொடும்படி ஒரு நல்லது கிடைக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2011-லிருந்தே இதைச் செய்கிறார்கள். "போதை எடுத்தவனுக்குப் பரிசா?" என்று மேடையில் யாராவது கேட்டதும் கூட்டம் சிரிக்கும், திட்டம் அங்கேயே செத்துவிடும். தயவு செய்து அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லுங்கள். மூன்று வாரம் சுத்தமாக இருந்த பையன் ஒருவன் பரிசாகக் கிடைத்த பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எங்கள் வார்டைச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் எழுத அவனுக்கு ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அண்ணன் தம்பிக்கு வருகிறேன். தம்பி மூன்றாவது வாரத்தில் வீட்டுக்குப் போனான், நடுவில் ஒரு தடவை மறுபடி ஐஸ் பக்கம் வழுக்கினான், திரும்ப எங்களிடம் வந்தான். அண்ணன் வலிப்பு வந்த அன்றோடு குடியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவருக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது இருவரும் மாதம் ஒரு தடவை சேர்ந்தே வருகிறார்கள். யார் பெரிய தப்பு செய்தது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்து நான் பார்த்ததில்லை.

அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாரை யார் கூட்டிவந்தாலும், நோயாளியின் படிவத்தை முடித்த கையோடு, கூட்டிவந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன்: "நீங்கள் கடைசியாக எப்போது குடித்தீர்கள்? கை நடுங்குகிறதா?" பாதிப் பேர் கோபப்படுவார்கள். சிலர் பதில் சொல்லாமல் கையை விரித்துக் காட்டுவார்கள். விரல்கள் ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த கூட்டத்தில் உங்கள் பேச்சை முடிக்கும் முன் இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கையை விரிப்பவர்கள் அங்கேயும் இருப்பார்கள். அவர்களை "நாளையிலிருந்து விட்டுவிடு" என்று அனுப்பிவிடாமல், எந்த மருத்துவரிடம் போவது என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
போதை மீட்பு வார்டில் இரவுப் பணி பார்க்கும் ஒரு செவிலியர்